பதினொன்றில் நின்ற வேகம்

"அண்ணே, காலையில ஏழு மணிக்குப் போட்டேன். மணி பத்து ஆச்சு. இன்னும் ஒன்றரை மணி நேரம்னு காட்டுது."

கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி வைகாசி முகூர்த்த நாளொன்றில் இப்படிப் போன் செய்தார். முதல்நாள் எடுத்த கல்யாணம். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன். படமும் வீடியோவுமாக 180 ஜி.பி. சேர்ந்திருந்தது. கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கியாகிவிட்டது. அங்கிருந்து ஸ்டூடியோவின் பொது டிரைவுக்கு மாற்ற வேண்டும். ஆல்பம் வடிவமைக்கும் பெண்ணும் வீடியோ எடிட்டரும் அந்த டிரைவிலிருந்துதான் எடுத்து வேலை செய்கிறார்கள். மாற்றி முடிக்காமல் கார்டை அழிக்க மனசு வராது. கார்டைக் காலி செய்யாமல் சாயங்கால ரிசப்ஷனுக்குக் கிளம்ப முடியாது.

"திரையில ஓடுற நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"பதினொன்னு புள்ளி ரெண்டு."

"ஏறுதா, இறங்குதா?"

"அசையவே இல்லண்ணே. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்குது."

கோளாறு எந்தப் பக்கம் என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு நான்கு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தார் அவர். வேகம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அடுத்ததாகப் பெட்டியையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். உழைத்துச் சம்பாதித்த காசு இப்படி இருட்டில் கல்லெறிவதுபோலப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

பொது டிரைவ் என்று நாம் சொல்வது தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். உள்ளே நான்கு டிஸ்க், சுமாரான ஒரு பிராசஸர், கொஞ்சம் ராம் இருக்கும். கடைகளில் 'நாஸ் பாக்ஸ்' என்பார்கள். நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்து அதில் போடும்போது, அது நம் டிஸ்க்கிலிருந்து எழுந்து, நெட்வொர்க் கார்டு வழியாகக் கேபிளில் இறங்கி, சுவிட்ச்சைத் தாண்டி, இன்னொரு கேபிளில் ஏறி, பெட்டியின் பிராசஸர் கையில் போய்ச் சேர்ந்து, கடைசியில் அங்குள்ள டிஸ்க்கில் எழுதப்படுகிறது. இந்தப் பாதையில் எது மிகக் குறுகலோ அதன் வேகம்தான் மொத்தத்தின் வேகம். வாய்க்காலில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் மற்ற மதகுகளையெல்லாம் அகலப்படுத்தி என்ன பயன்? எந்த மதகு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு முதல் தடயம் திரையில் நிற்கும் எண்.

நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். ஃபைலின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற வேறுபாடாவது கண்ணில் படும். தமிழில் பேசும்போது இரண்டுமே 'எம்பி' ஆகிவிடுகிறது. "நூறு எம்பி லைன்" என்று சொல்லிவிட்டு, நொடிக்கு நூறு மெகாபைட் ஓடும் என்று எதிர்பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான்.

அந்த 12.5உம் முழுசாகக் கிடைக்காது. ஈதர்நெட்டில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட் உச்சவரம்பு. 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட் விதிகளில் இருந்த அதே அளவு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 1500இல் 40 பைட் முகவரிக்கும் கணக்குக்கும் போய்விடும். மீதி 1460தான் நம் சரக்கு. ஆனால் கம்பியில் ஏறும்போது முன்னறிவிப்பு, தலைப்பு, சரிபார்ப்பு எண், அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய வெற்று இடைவெளி எல்லாமாகச் சேர்த்து 1538 பைட்டுக்கான நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. 1460ஐ 1538ஆல் வகுத்தால் ஏறக்குறைய 95 சதவீதம். 12.5இல் 95 சதவீதம் 11.87. விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 1024 பெருக்கல் 1024 என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் 11.3. ஃபைல் பகிரும் விதிமுறையின் சொந்தப் பேச்சுவார்த்தைக்குக் கொஞ்சம் போனால் மிஞ்சுவது 11.2.

தம்பி திரையில் பார்த்தது அதே எண். அது டிஸ்க்கின் எண்ணாக இருக்க முடியாது. டிஸ்க் சோர்ந்தால் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடும். அசையாத கோடு என்றால் ஏதோ ஒரு விதி அங்கே வேலியடைத்து நிற்கிறது என்று பொருள். ஸ்டூடியோவில் எல்லாமே ஒரு ஜிகாபிட் சாதனங்கள். 113 வரை ஓட வேண்டிய இடத்தில் 11 ஓடுகிறது. எங்கோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிப் பேசிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை நேரில் போனேன். இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சமயத்தில் காப்பி போடச் சொன்னேன். ஆளுக்கு 5.6 என்று சரிபாதியாகப் பிரிந்தது. கோளாறு ஒரு கம்ப்யூட்டரின் கேபிளில் என்றால் அது மட்டும்தான் நொண்ட வேண்டும். இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்றால் இருவருக்கும் பொதுவான இடத்தில்தான் அடைப்பு. பொதுவான இடம் என்பது சுவிட்ச்சிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒற்றைக் கேபிள். அலமாரிக்குப் பின்னால் குனிந்து சுவிட்ச்சைப் பார்த்தேன். மற்ற துளைகளில் பச்சை விளக்கு. பெட்டிக்குப் போகும் துளையில் மட்டும் ஆரஞ்சு. இந்த நிறப் பொருள் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் மாறும். ஆனால் பக்கத்துத் துளையோடு ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 1995இல் வந்த 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடிகள் போதும். நம்மூரில் வழக்கமாகக் கிரிம்ப் செய்யும் வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். 1999இல் வந்த ஜிகாபிட் முறைக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் 250 மெகாபிட்டை ஒரே நேரத்தில் இரு திசையிலும் சுமக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிளைச் சொருகியதும் இரு முனைகளும் "உனக்கு எவ்வளவு வேகம் தெரியும்?" என்று கேட்டுக்கொள்ளும் முதல் பேச்சு, ஆரஞ்சு பச்சை ஜோடிகள் வழியாகவே நடந்துவிடுகிறது. இருவரும் ஜிகாபிட்டுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு நான்கு ஜோடியிலும் முயன்று பார்க்கும்போது பழுப்புக் கம்பி ஒன்று அறுந்திருந்தால் அந்த இணைப்பு நிலைப்பதில்லை. பெரும்பாலான கார்டுகள் இரண்டு மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. இணையம் ஓடும், மெயில் போகும், ஃபோல்டரும் திறக்கும். பெரிய ஃபைல் போடும்வரை யாருக்கும் சந்தேகமே வராது.

பெட்டிக்குப் பின்னால் இருந்த பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது எட்டாவது பல்லுக்குக் கீழே பழுப்புக் கம்பியின் நுனி ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றது. அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் கேபிள் பிளக்கின் கழுத்தில் மடங்கியிருக்கிறது. மேலுறையைச் சீவி, கம்பியின் மேல்பரப்பைப் பிளேடால் லேசாகச் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியம் மின்னியது.

செப்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கேபிள் நம் ஊர்க் கடைகளில் 'கேட் 6' என்ற அச்சோடு தாராளமாகக் கிடைக்கிறது. உண்மையான கேட் 6 தரம் முழுச் செம்பைத்தான் கேட்கிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு முறை மடக்கி நிமிர்த்தினால் கம்பி ஒடிந்துவிடும். அதைவிடத் தொல்லை, அது உடனே கெடாது. வேலை முடித்தவர் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு மழைநாளில் பிளக்கின் கழுத்தில் ஒரு கம்பி விடும். கேபிள் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் கனத்தில் தெரியும். சுவருக்குள் போய்விட்ட கேபிளை மாற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நல்ல செப்புக் கேபிளில் ஒரு துண்டு வெட்டி இரண்டு முனையிலும் புதிதாகக் கிரிம்ப் செய்து மாட்டினோம். ஆரஞ்சு விளக்கு பச்சையானது. ரிசப்ஷன் படங்களும் வீடியோவும் 140 ஜி.பி. இருந்தன. கோடு 111இல் போய் நின்றது. 22 நிமிடத்தில் முடிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆல்பம் வடிவமைக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், வீடியோ சரியாயிடுச்சு. என் ஃபோல்டர் மட்டும் அப்படியேதான் இருக்கு."

அவருடைய ஃபோல்டரில் ஆல்பம் மென்பொருள் உண்டாக்கிய சின்னச் சின்ன மாதிரிப் படங்கள் 6,000 இருந்தன. ஒவ்வொன்றும் 40 கிலோபைட் அளவு. எல்லாம் சேர்ந்து 240 மெகாபைட்கூட இல்லை. இரண்டு மூன்று நொடியில் போக வேண்டியது நான்கு நிமிடம் எடுத்தது. நொடிக்கு ஒரே ஒரு மெகாபைட். அதே கேபிள், அதே பெட்டி, அதே டிஸ்க்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நெல் கொள்முதல் நிலையத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஐம்பது மூட்டையை ஒரே வண்டியில் கொண்டுபோய் ஒரே எடை, ஒரே ரசீது போட்டால் வேலை எத்தனை நேரம்? அதே நெல்லை ஒவ்வொரு மரக்காலாக எடுத்துப்போய், ஒவ்வொரு மரக்காலுக்கும் பெயர் பதிந்து, எடை போட்டு, கையெழுத்து வாங்கி, ரசீதோடு திரும்பி வந்து அடுத்த மரக்காலை எடுப்பதென்றால்? சாலை எத்தனை அகலமாக இருந்தாலும் பயனில்லை. நேரமெல்லாம் பதிவேட்டின் முன்னால் நிற்பதில் போய்விடும்.

நெட்வொர்க்கில் ஒரு ஃபைலை எழுதுவதும் அப்படித்தான் நடக்கிறது. இந்தப் பெயரில் ஒன்று தொடங்கட்டுமா என்று கேட்க வேண்டும். ஆகட்டும் என்று பதில் வர வேண்டும். தரவை அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்தது என்று பதில். எடுத்த தேதி, நேரத்தை எழுது. எழுதியாயிற்று. மூடு. மூடியாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு போய்வரவு. பெட்டியின் பக்கத்திலும் சும்மா இல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை நகர்ந்து சரியான தடத்துக்கு வர இன்னொரு எட்டு மில்லிநொடி. அதாவது எங்கெங்கோ சிதறிய இடங்களில் எழுதச் சொன்னால் அது நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் முடியாது. ஒரு சின்ன ஃபைலுக்கே பெயர்ப்பட்டியலில் ஒன்று, இடக்கணக்கில் ஒன்று, தரவு ஒன்று என்று இரண்டு மூன்று இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியில் நான்கு டிஸ்க்கும் ரெய்டு 5 முறையில் இருந்தன. ஒரு டிஸ்க் போனாலும் படங்கள் பிழைக்கும் என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு சின்னத் துண்டை மாற்றி எழுத, பழைய தரவைப் படிக்க வேண்டும், ஒரு டிஸ்க் போனால் மீட்க உதவும் பழைய சரிக்கட்டு எண்ணைப் படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு வேலை நான்கு வேலையாகிறது. பெரிய வீடியோவை நீளமாக எழுதும்போது இந்தச் செலவு தெரியாது. ஆறாயிரம் சிறுபடங்களில் ஒவ்வொன்றிலும் தெரியும். இதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்த பிறகே விடுகிறது.

இந்தப் போய்வரவுப் பேச்சின் பெயர் எஸ்.எம்.பி. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. ஒரே அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்பட்டதால் வளவளவென்று பேசும் பழக்கம் அதற்கு அன்றே வந்துவிட்டது. பின்னாளில் அதன் கட்டளைகள் நூற்றுக்கும் மேல் பெருகின. 2006இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அவற்றை 19ஆகச் சுருக்கியது. பல கேள்விகளை ஒரே உறையில் போட்டு அனுப்பவும் வழி செய்தது. முதல் பதிப்பு இன்னும் சில பழைய பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மந்தம் மட்டுமன்று, ஆபத்தும்கூட. 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. உங்கள் பெட்டியின் அமைப்பில் முதல் பதிப்பு திறந்திருந்தால் இன்றே மூடிவிடுங்கள்.

பெட்டியின் பக்கம் இந்த மொழியைப் பேசுவது பெரும்பாலும் சாம்பா என்ற மென்பொருள். அதன் வரலாறு எனக்குப் பிடித்த ஒன்று. 1991 கடைசியில் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் பொட்டலங்களைக் கவனித்தே இந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு முதல் நிரலை எழுதினார். வைத்த பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் பின்னால் வந்தபோது, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று 'சாம்பா'. பிரேசில் நடனத்தின் பெயர் நம் ஊர் ஆல்பம் பெட்டிக்குள் வந்தது அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் அந்த உழைப்பு இல்லையென்றால் சின்னக் கடைகளுக்குப் பொது டிரைவ் என்பதே எட்டாத பொருளாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் சிக்கலுக்குத் தீர்வு எளிது. 6,000 படத்தையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பினால் மூன்று நொடி. கட்ட முடியாத இடத்தில் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். 'எம்.டி.' என்ற தேர்வைச் சேர்த்தால் அது எட்டு ஃபைலை ஒரே சமயத்தில் அனுப்பும். ஒருவர் பதிவேட்டின் முன் நிற்கும் நேரத்தில் மற்ற ஏழு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். இதைவிட நல்லது ஒன்றும் செய்தோம். மாதிரிப் படங்களைப் பொது டிரைவில் வைக்காமல் அவருடைய கம்ப்யூட்டரிலேயே வைக்கும்படி மென்பொருளில் மாற்றினோம். அவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கக்கூடியவை. பெட்டியில் அவற்றுக்கு வேலையே இல்லை.

தூரம் கூடினால் இந்தக் காத்திருப்பு பூதாகரமாகிவிடும். அதே தம்பியின் உறவுக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வி.பி.என். வழியாக இந்த டிரைவைத் திறந்து வேலை செய்யப் பார்த்திருக்கிறார். ஸ்டூடியோவுக்குள் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக இருந்த போய்வரவு அவருக்கு 40 மில்லிநொடி. ஒரு ஃபைலுக்கு ஆறு போய்வரவு என்று வைத்துக்கொண்டால் 6,000 ஃபைலுக்கு வெறும் காத்திருப்பே 24 நிமிடம். இணைய வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்த 24 நிமிடத்தில் ஒரு நொடி குறையாது. பெரிய ஃபைலுக்கும் தூரத்தின் வரி உண்டு. "கிடைத்தது" என்ற பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு டி.சி.பி. விதிமுறையில் ஒரு வரம்பு இருக்கிறது. பழைய சாதனங்களில் அது 64 கிலோபைட்தான். 40 மில்லிநொடிக்கு ஒருமுறை 64 கிலோபைட் என்றால் நொடிக்கு 1.6 மெகாபைட்டுக்கு மேல் ஓடாது, லைன் எத்தனை பெரிதானாலும். 1992இலேயே இந்த வரம்பை விரிக்க வழி வகுத்துவிட்டார்கள். ஆனாலும் மலிவான ரூட்டர் பெட்டிகள் சிலவற்றில் அந்த விரிவு சரியாக வேலை செய்வதில்லை.

பொட்டலம் தொலைந்தால் இன்னும் மோசம். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு திடீரென்று நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோ இல்லை, வெறும் 40 பிட். இரண்டு இடத்துக்கும் நடுவே 400 கெஜம்தான். தாளில் எழுதி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாலும் அதைவிட வேகமாக இருந்திருக்கும். அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தேடிப் போனார். நெரிசலில் பொட்டலம் தொலைய, தொலைந்ததை எல்லாரும் அவசரமாகத் திரும்ப அனுப்ப, அதனால் நெரிசல் இன்னும் முற்றியிருந்தது. 1988இல் அவர் எழுதிய கட்டுரையில் தந்த மருந்து, ஒரு பொட்டலம் தொலைந்தால் அனுப்புகிறவர் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்பது. இணையம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த அடக்கம் ஒரு காரணம். அதனால்தான் பழுதான கேபிளோ பலவீனமான வைஃபையோ நூற்றில் ஒரு பொட்டலத்தைத் தொலைத்தாலும் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைவதோடு நிற்பதில்லை. படுத்தே விடுகிறது. வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி ஏறி விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை போதும். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். லேப்டாப்பும் வைஃபை, பெட்டியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றை இரண்டு முறை கடக்கிறது, வேகம் பாதியாகிறது. பெட்டியையாவது கேபிளில் போடுங்கள்.

முதல் பத்து நொடி பறந்துவிட்டுப் பிறகு தொப்பென்று விழும் கோடும் அடிக்கடி வரும் புகார். அந்த முதல் ஓட்டம் ராமுக்குள் நடப்பது. ராம் நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மை வேகம் வெளியே வருகிறது. கொஞ்சம்தான் இறங்கியது என்றால் கவலையில்லை. 20க்கும் 30க்கும் இறங்கினால் டிஸ்க்கின் வகையைப் பாருங்கள். சில டிஸ்க்குகளில் அதிக இடம் கிடைப்பதற்காகத் தடங்களை ஓட்டு வீட்டின் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் படிந்த வரிசையையும் தூக்கி அடுக்க வேண்டும் அல்லவா? அங்கும் அதுதான் நடக்கிறது. அடுக்கி முடிக்கும்வரை புதிய தரவு வாசலில் நிற்கும். 2020இல், பொது டிரைவ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட டிஸ்க்குகளில் சொல்லாமலேயே இந்த முறை புகுத்தப்பட்டிருந்தது அம்பலமாகி, அதன் பிறகே நிறுவனங்கள் எந்த மாடலில் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டன. ரெய்டில் போடும் டிஸ்க் இந்த ஓட்டுக்கூரை வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நல்லவேளை, தம்பி அவசரத்தில் வாங்கிய நான்கும் அந்த வகையில்லை.

எண்ணும் கோடும் குழப்பினால் பாதையைத் துண்டு போட்டு அளக்க வேண்டும். ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கைத் தொடாமல், ஒரு கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இன்னொன்றின் ராமுக்கு வெறும் பொட்டலங்களை அனுப்பி நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் காட்டினால் கேபிளும் சுவிட்ச்சும் நிரபராதிகள். அதன் பிறகு பெட்டியையும் டிஸ்க்கையும் மட்டும் சோதித்தால் போதும். அந்த மென்பொருளைப் பராமரிப்பது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தை இருப்பிடமாகக் கொண்ட ஈ.எஸ்.நெட் அமைப்பு. 1986இல் 40 பிட்டில் நொண்டிய அதே ஆய்வகம்தான்.

நெட்வொர்க் நன்றாக இருந்து, டிஸ்க்கும் நன்றாக இருந்து, பெரிய ஃபைல்கூட மந்தமாகப் போனால் பெட்டியின் பிராசஸரைக் கவனியுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ஹோம் தவிர்த்த வகைகளில், ஒவ்வொரு எஸ்.எம்.பி. செய்திக்கும் கையொப்பம் கேட்பது இயல்பாகிவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பழைய பெட்டியின் சின்ன பிராசஸர் அந்தக் கையொப்பங்களைப் போட்டே களைத்துவிடும். ரூட்டரின் யு.எஸ்.பி. துளையில் ஒரு டிஸ்க்கைச் சொருகிப் பொது டிரைவாக்கிக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் இதே பாடுதான். இந்த நிலையில்தான் புதுப் பெட்டி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு முன்பு இல்லை.

ஒரே ஒரு வகை மந்தத்துக்கு மட்டும் நான் சொன்ன எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். காப்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்து, குறிப்பிட்ட சில படங்களில் மட்டும் நின்று, அரை நிமிடம் திணறி, மறுபடி ஓடுகிறதா? மறுநாளும் அதே படங்களில் நிற்கிறதா? அப்படியென்றால் டிஸ்க் அந்த இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கலாம். பெட்டியின் டிஸ்க் நலப் பக்கத்தில் மாற்றப்பட்ட பகுதிகள், நிலுவையில் உள்ள பகுதிகள் என்ற இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். அவை பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தால் அந்த டிஸ்க் விடைபெறத் தொடங்கிவிட்டது. வேகச் சோதனை என்று அதைப் போட்டு ஓட்டினால் மிச்ச உயிரையும் பிடுங்கியதாகிவிடும். ரெய்டு இருக்கிறதே என்று இருந்துவிடவும் வேண்டாம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய நான்கு டிஸ்க்குகளும் ஒரே வயதுடையவை, ஒன்றுக்கு வருவது மற்றதற்கும் சீக்கிரம் வரலாம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டிய நொடியை யாரும் திரும்ப எடுத்துத் தர முடியாது. வேறொரு டிஸ்க்கை வாங்கி, வெளியே சொருகி, முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். அது ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும்.